முயல்செவி: நம் மண்ணின் செடியா, பிடுங்க வேண்டிய அயல் களையா?

தாண்டிக்குடி ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பள்ளி வேலிக்கும் காப்பித் தோட்டத்து மண் பாதைக்கும் நடுவே உள்ள சரிவில், ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழை தொடங்கிச் சில வாரங்களில் ஒரு சிறு செடி கூட்டமாக முளைக்கும். உயரம் ஒரு முழத்தைத் தாண்டாது. தண்டின் நுனியில் ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறத்தில், சிறு தூரிகையை நிமிர்த்தி வைத்தாற்போன்ற பூக்கள் நான்கைந்து நிற்கும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதை முயல்செவி என்றும் முயல்காது என்றும் சொல்கிறார்கள்.

சென்ற ஆண்டு மலையின் அயல் தாவரங்களை அகற்றுவதற்காகத் தன்னார்வலர் குழு ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது. நல்ல எண்ணத்தோடு வந்தவர்கள், நாள் முழுதும் வெயிலில் உழைத்தார்கள். ஆனால் உண்ணிச்செடியோடும் பார்த்தீனியத்தோடும் சேர்த்து, பூத்து நின்ற முயல்செவிகளையும் ஒன்றுவிடாமல் பிடுங்கிக் குவித்துவிட்டார்கள். நான் கேட்டபோது, "இதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த களைதான் ஐயா" என்றார் ஒருவர். மறுக்க எனக்கு அறிவு போதவில்லை. இந்த ஆண்டு அந்தச் சரிவில் விரல்விட்டு எண்ணத்தக்க செடிகளே முளைத்திருக்கின்றன. குழந்தைகள் வந்து காரணம் கேட்கிறார்கள். இது நம் மண்ணுக்கு உரிய செடிதானா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கோத்தகிரி தேயிலைக்காரர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். முதலில் செடி எது என்பதை உறுதி செய்துகொள்வோம், ஏனெனில் மலையில் இதற்கு நெருங்கிய சாயலுடைய செடி இன்னொன்று உண்டு. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து முடிந்து வெளிச்சம் விழும் இடங்களில் இரண்டும் அருகருகே முளைக்கின்றன. அந்த இன்னொன்றின் பெயர் கிராசோசெபாலம். வெப்பமண்டல ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இடுப்பளவுக்கு மேலும் வளரக்கூடியது. அதன் பூ செங்கல் நிறம் கொண்டு, தலையைத் தொங்கவிட்டபடி மலரும்.

தலை தொங்குவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முயல்செவியும் மொட்டாக இருக்கும்போது தலைகுனிந்துதான் இருக்கும், மலரும் வேளையில் நிமிரும். நம்பத்தக்க அடையாளம் பூவின் அடியில் இருக்கிறது. பூங்கொத்தைச் சுற்றிப் பச்சைக் குழாய்போல ஒட்டி நிற்கும் செதில்களைப் பாருங்கள். முயல்செவியில் அவை ஒரே வரிசையாக, அடிப்பகுதி வழவழப்பாக இருக்கும். கிராசோசெபாலத்தில் அந்தக் குழாயின் காலடியில் நூலிழை போன்ற குட்டிச் செதில்கள் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும். கைலென்சு இல்லாமலேயே பார்க்கலாம்.

இலையையும் கவனியுங்கள். முயல்செவியின் கீழ் இலைகள் ஓரம் வெட்டுப்பட்டு, நுனியில் பெரிய மடலோடு இருக்கும். மேல் இலைகளுக்குக் காம்பு கிடையாது. அடிப்பாகம் இரண்டு காதுகளாக விரிந்து தண்டைத் தழுவிக்கொள்ளும். இலையின் அடிப்புறம் பல நேரங்களில் ஊதா படர்ந்திருக்கும். இலையைக் கிள்ளினால் பால் வடிகிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

தாண்டிக்குடி ஆசிரியர்

ஐயா, மிக்க நன்றி. இன்று மாலை ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளோடு சென்று பார்த்தேன். மொத்தம் 14 செடிகள். பூவின் அடியில் குட்டிச் செதில்கள் ஒன்றிலும் இல்லை, ஒரே வரிசை வழவழப்புச் செதில்கள்தான். மேல் இலைகள் தண்டைத் தழுவியிருக்கின்றன. கிள்ளிய இடத்தில் பால் வரவில்லை. மொட்டுகள் குனிந்தும் மலர்ந்தவை நிமிர்ந்தும் நிற்பதைக் குழந்தைகளே முதலில் கண்டுசொன்னார்கள். பத்து ஆண்டுகளாக இந்தச் சரிவைக் கடந்து போகிறேன், இதை நான் கவனித்ததே இல்லை.

செடிநூல் மாணவி

வணக்கம் ஐயா. தாவரவியல் முதுகலை மாணவி நான். நீங்கள் சொல்லும் அடையாளங்களின்படி அது எமிலியா சோங்கிஃபோலியா என்ற அறிவியல் பெயர் கொண்ட முயல்செவிதான் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுச் செடி. பால் வராதது இன்னோர் ஐயத்தையும் நீக்குகிறது: பாறையோரங்களில் மஞ்சளாகப் பூக்கும் சோங்கஸ் செடியைக் கிள்ளினால் வெண்பால் வடியும். சோங்கிஃபோலியா என்ற சொல்லுக்கே "சோங்கஸ் போன்ற இலையுடையது" என்றுதான் பொருள், ஆகவே இலையை மட்டும் பார்த்தால் குழப்பம் வருவது இயல்பு.

நாம் "பூ" என்று சொல்வது உண்மையில் பல சிறுமலர்கள் நெருங்கி அமைந்த சிரமஞ்சரி. சூரியகாந்தியில் விளிம்பில் இதழ்போல நீண்டிருப்பவை கதிர்ச் சிறுமலர்கள், நடுவில் இருப்பவை வட்டத்தட்டுச் சிறுமலர்கள். முயல்செவியில் விளிம்பு மலர்களே கிடையாது. எல்லாம் நடுத்தட்டு மலர்கள். அதனால்தான் அது தூரிகைபோலத் தெரிகிறது. காய்த்தபின் ஒவ்வொரு விதையும் தன் தலையில் வெண்பஞ்சு சூடிக் காற்றில் போய்விடும்.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். எமிலியா என்ற பேரினமே ஆப்பிரிக்காவும் ஆசியாவும் சேர்ந்த பழைய உலக வெப்பப் பகுதிகளுக்கு உரியது, அமெரிக்கக் கண்டத்தில் அதற்கு இயல்பான வாழிடம் இல்லை. சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் இந்தச் செடியை ககாலியா என்ற வேறு பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார். இப்போதைய பெயர் 1834இல் வந்தது. அது வெளியான இடம் நமக்கு நெருக்கமானது: சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட் தென்னிந்தியச் செடிகளைத் திரட்டி அனுப்ப, ஜெனீவாவில் இருந்த தி காண்டோல் அவற்றுள் இந்தக் குடும்பத்தை ஆராய்ந்து எழுதிய பகுதியில்தான் அந்தப் பெயர் அச்சேறியது.

அதற்கும் முன்னரே, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சான, டச்சுக்காரர்கள் தொகுத்த ஹோர்டஸ் மலபாரிகஸ் என்ற மலபார்த் தாவர நூலில் இந்தச் செடி படத்தோடு இருக்கிறது. அதில் கொடுக்கப்பட்டுள்ள பெயர் முயல்செவி. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் வழங்கும் அதே சொல், மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் டச்சுக்காரர்களின் செவியில் விழுந்து, ரோமன் எழுத்தில் பதிந்திருக்கிறது. அதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

பெருமாள்மலை காப்பி

மாணவி அம்மா, பழைய நூலில் பெயர் இருப்பதை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது என்று தோன்றுகிறது. மிளகாயும் பப்பாளியும் அன்னாசியும்கூடப் போர்த்துக்கீசியர் காலத்திலேயே வந்து, அந்த நூல் எழுதப்பட்ட காலத்துக்குள் இங்கே வேரூன்றிவிட்டன. தாத்தாப்பூ என்று நம் குழந்தைகள் தலையைக் கிள்ளி விளையாடும் பூவுக்கும் தமிழ்ப்பெயர் இருக்கிறது, வெட்டுக்காயப் பூண்டு என்று மருந்தாகவும் பயன்படுகிறது. ஆனால் அது அமெரிக்காவிலிருந்து வந்த செடி.

செடிநூல் மாணவி

நீங்கள் சொல்வது சரி ஐயா, நான் அந்த இடத்தில் சற்று விரைந்துவிட்டேன். பெயரின் பழமை துணைச் சான்று மட்டுமே. முதன்மைச் சான்று அதன் உறவினங்கள் எங்கே வாழ்கின்றன என்பதுதான். மிளகாயின் காட்டு உறவினர்கள் எல்லாம் அமெரிக்காவில் இருக்கின்றன. எமிலியாவின் உறவினர்களோ ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இருக்கின்றன. அமெரிக்காவில் புளோரிடாவிலும், பசிபிக் கடலில் ஹவாய்த் தீவுகளிலும் முயல்செவிதான் அயல்நாட்டுக் களை என்று பட்டியலில் இருக்கிறது. ஆசிரியர் ஐயாவிடம் பேசிய தன்னார்வலர் அந்த ஊர்ப் பட்டியல்களுள் ஒன்றைப் பார்த்திருக்கக்கூடும். செடி அங்கே அயல் என்பதை, அங்கிருந்து வந்தது என்று மாற்றிப் புரிந்துகொண்டிருக்கலாம்.

கூடலூர் வாசி

எங்கள் பகுதியில் மலையாளம் பேசும் குடும்பங்கள் மிகுதி. ஆடி மாதத்தை ஒட்டி வரும் கர்க்கடக மாதத்தில் பெண்கள் தலையில் சூடும் தசபுஷ்பம் என்ற பத்துச் செடிகளில் முயல்செவியும் ஒன்று. அங்கே அதை முயல்செவியன் என்பார்கள். அந்தப் பத்தில் மூன்று இதே சூரியகாந்திக் குடும்பம். கரிசலாங்கண்ணி ஒன்று, பூவாங்குறுந்தல் ஒன்று, முயல்செவி ஒன்று. என் பாட்டி முயல்செவியின் இளந்தளிரைக் கீரையோடு சேர்த்துக் கடைவார். காய்ச்சலுக்கும் தொண்டைக் கட்டுக்கும் சாறு பிழிந்து கொடுப்பார். பள்ளிக் குழந்தைகளுக்கு இந்தப் பயன்களையும் சொல்லிக்கொடுத்தால் அவர்களுக்குச் செடி மேல் பற்று வளரும் அல்லவா?

மருந்தாளுநர், குன்னூர்

கூடலூர் அன்பருக்கு வணக்கம். தலையில் சூடும் வழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள், அது அழகான வழக்கம். உண்ணலாம் என்பதைக் குழந்தைகளிடம் தயவுசெய்து சொல்ல வேண்டாம். இந்தச் செடியில் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற வகை நச்சுப்பொருள்கள் உள்ளன. செங்கிர்கின், டொரோனின் ஆகிய இரண்டும் இதிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டுள்ளன. இவற்றை உடல் உட்கொண்டபின் கல்லீரல்தான் மாற்றியமைக்கிறது, அப்படி மாற்றும்போது உண்டாகும் பொருளே கல்லீரலைத் தாக்குகிறது. கல்லீரலின் நுண்ணிய சிரைகள் அடைபட்டு, வயிற்றில் நீர் கோக்கும் நிலை வரும். ஒருநாள் உண்டதும் தெரிந்துவிடுகிற நஞ்சாக இருந்தால் பாட்டிமார்களே விலக்கியிருப்பார்கள். சிறுகச் சிறுகச் சேர்ந்து கெடுக்கிற நஞ்சு என்பதால்தான் பழக்கம் தொடர்ந்து வந்திருக்கிறது.

இது வெறும் அச்சம் இல்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1970களில், இன்றைய சத்தீஸ்கரில் இருக்கும் சர்குஜா மாவட்டத்தில், சிறுதானியத்தில் கிலுகிலுப்பை விதை கலந்துபோனதால் ஊர் ஊராகக் கல்லீரல் நோய் கண்டு பலர் இறந்தார்கள். கிலுகிலுப்பையில் இருந்ததும் இதே வகை ஆல்கலாய்டுதான். பாட்டியின் அன்பில் எனக்குச் சிறிதும் ஐயம் இல்லை. ஆனால் கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முயல்செவிச் சாற்றை வீட்டிலேயே கொடுப்பதை நிறுத்தும்படி என்னிடம் கேட்கும் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

கூடலூர் வாசி

இதை நான் அறிந்திருக்கவில்லை. வீட்டிலும் சொல்லிவிடுகிறேன். நன்றி ஐயா.

பெருமாள்மலை காப்பி

செடி நம் மண்ணுக்கு உரியது என்பதை ஏற்கிறேன். இருப்பினும் ஒரு கருத்தை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறேன், ஆசிரியர் ஐயா தவறாக எண்ண வேண்டாம். முயல்செவி அழியும் நிலையில் உள்ள செடி அன்று. சமவெளியிலும் மலையிலும் நடைபாதை, வாய்க்கால் கரை, வாழைத்தோப்பு என எங்கும் முளைக்கும். மேல்மலையில் நிலைமை வேறு. சோலைகளுக்கு இடையே கிடந்த புல்வெளிகளைச் சீகை மரமும் யூகலிப்டஸும் பைனும் பெருமளவு விழுங்கிவிட்டன. அந்தப் புல்வெளியை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத செடிகள் பல அங்கே இருக்கின்றன. மலையைக் காக்க நமக்கு இருக்கும் ஆள்பலமும் நேரமும் குறைவு. அதை எங்கே செலவிட வேண்டும் என்று கேட்டால், வேலியோரத்து முயல்செவிக்காக ஒரு மணி நேரத்தையும் நான் ஒதுக்க மாட்டேன். மேலும் என் தோட்டத்தில் காப்பி நாற்றுகளின் காலடியில் அது முளைத்தால் களைதான். கொத்தி எடுக்கத்தான் செய்வேன்.

கோத்தகிரி தேயிலைக்காரர்

பெருமாள்மலை ஐயா சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கு உடன்பாடு. நாற்றின் காலடியில் முளைத்ததை எடுக்க வேண்டியதுதான். புல்வெளிகளின் நிலை பற்றிச் சொன்னதையும் ஒருவரும் மறுக்க முடியாது.

ஆனால் ஆசிரியர் கேட்டது முயல்செவிக்காக நேரம் ஒதுக்குவதைப் பற்றி அன்று. அதை அழிக்க நேரம் செலவிடப்பட்டதைப் பற்றியே கேட்டார். ஒரு நாள் உழைப்பின் ஒரு பகுதி, பிடுங்கத் தேவையில்லாத ஒன்றைப் பிடுங்குவதில் போயிருக்கிறது. இன்று எங்கள் நீலகிரிச் சாலையோரத் தடுப்புச் சுவர்களைப் பாருங்கள். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்துத் தொங்கும் மெக்சிகோ டெய்சியின் முன் நின்று சுற்றுலா வருபவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் சேர்ந்த பல்லாண்டுச் செடி. ஈரச் சரிவுகளில் வெள்ளைப் பூக்களோடு அடர்ந்து வேறெதையும் முளைக்கவிடாத அஜெரட்டினாவும் மெக்சிகோவிலிருந்து வந்தது. காய்கறிப் பாத்திகளில் ஐந்தே வெள்ளை இதழோடு முளைக்கும் கலின்சோகாவும் அமெரிக்கச் செடி. இவை எல்லாமே அதே சூரியகாந்திக் குடும்பம். இவற்றுக்கு நடுவே, அதே மண்ணில், தனக்கென்று கிடைத்த ஒரு சாண் வெளிச்சத்தில் பூக்கிற நம் செடியை அடையாளம் காண முடியாத நிலைக்கு நாம் வந்துவிட்டோம் என்பதுதான் என்னை வருத்துகிறது. முயல்செவியைக் கிராசோசெபாலத்திலிருந்து பிரித்தறியக் கற்ற ஐந்தாம் வகுப்புக் குழந்தை, நாளைக்குப் புல்வெளியில் நின்றாலும் குனிந்து பூவின் அடியைப் பார்க்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குன்னூர் ஐயா சொன்ன அதே ஆல்கலாய்டுகள் வேறு உயிர்களுக்குத் தேவைப்படுகின்றன. நீல வரியன், வெந்தய வரியன் முதலிய வரியன் வகைப் பட்டாம்பூச்சிகளில், ஆண்கள் இந்த ஆல்கலாய்டு உள்ள செடிகளைத் தேடிச் சென்று உறிஞ்சும். பெண்ணைக் கவரும் மணப்பொருளை அதிலிருந்துதான் அவை உண்டாக்குகின்றன. பறவைகள் உண்ணத் தயங்கும் கசப்பும் அதனால் கிடைக்கிறது. அவை பெரிதும் நாடுவது கிலுகிலுப்பையையும் தேள்கொடுக்கையும்தான் என்றாலும், முயல்செவியின் பங்கும் அதில் உண்டு.

பெருமாள்மலை காப்பி

பட்டாம்பூச்சி பற்றிச் சொன்னது எனக்குப் புதிய செய்தி. என் தோட்டத்தில் காய்ந்த கிலுகிலுப்பைக் கிளைகளில் நீல வரியன்கள் மொய்ப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன், காய்ந்த கிளையில் தேன் ஏது என்று எண்ணியதுண்டு. பிடுங்கத் தேவையில்லாததைப் பிடுங்கினார்கள் என்ற வாதத்தையும் ஏற்றுக்கொள்கிறேன்.

தாண்டிக்குடி ஆசிரியர்

எல்லோருடைய விளக்கங்களையும் அச்செடுத்து வகுப்பறையில் ஒட்டியிருக்கிறேன். இப்போது என் கவலை வேறு. எஞ்சியிருக்கும் 14 செடிகளைச் சுற்றி முள்வேலி போட்டு, சரிவு முழுவதும் ஆள்நடமாட்டத்தைத் தடுத்து, அந்த இடத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று பள்ளி வளர்ச்சிக் குழுவில் பேசியிருக்கிறோம். இது சரியான வழிதானா?

செடிநூல் மாணவி

ஐயா, அப்படிச் செய்தால் மூன்று நான்கு ஆண்டுகளில் வேலி இருக்கும், முயல்செவி இராது என்று அஞ்சுகிறேன். மரத்தையோ பல்லாண்டுப் புதரையோ காப்பதும் ஓராண்டுச் செடியைக் காப்பதும் வேறு வேறு முறைகள். நீங்கள் இன்று பார்க்கும் 14 செடிகளும் வாழ்நாள் முடிந்து எப்படியும் காய்ந்துவிடும். அடுத்த மழைக்கு வரப்போவது அவற்றின் விதைகள். அந்த விதைகளுக்கு நிழலற்ற, புல் மூடாத, சற்றே கலைந்த மண் வேண்டும். நடமாட்டம் முழுவதும் நின்றுபோனால் முதலில் புல் அடரும், பின்னர் அஜெரட்டினாவும் உண்ணிச்செடியும் ஏறும். இத்தனை ஆண்டுகளாக அந்தச் சரிவில் முயல்செவி கூட்டமாக முளைத்து வந்ததற்குக் காரணமே, பாதையோரம் என்பதால் மனிதர் காலும் மாட்டுக் குளம்பும் மண்வெட்டியும் அந்த மண்ணைத் திறந்து வைத்திருந்ததுதான்.

ஆகவே வேலி வேண்டாம். களை எடுப்பதையும் நிறுத்த வேண்டாம். எடுக்கும் காலத்தை மட்டும் மாற்றுங்கள். வெண்பஞ்சு கட்டி, விதை பறந்து முடியும் வரை காத்திருந்து, அதன்பின் சரிவைக் கையால் துப்புரவு செய்யுங்கள். பல்லாண்டு அயல் புதர்களை மட்டும் எப்போது கண்டாலும் வேரோடு எடுங்கள். களைக்கொல்லி தெளிக்க வேண்டாம், அது இரண்டையும் பிரித்துப் பார்க்காது.

கோத்தகிரி தேயிலைக்காரர்

மாணவி அம்மா சொன்னதோடு ஒரு சிறு நடைமுறையைச் சேர்க்கிறேன். இந்த ஆண்டு 14 செடிகளே இருப்பதால், விதையில் ஒரு பகுதியை நீங்களே சேர்த்து வையுங்கள். ஒரே நாளில் எல்லாத் தலைகளும் முற்றாது. ஒரே செடியில் மொட்டும் பூவும் பஞ்சும் சேர்ந்தே இருக்கும். காலை பத்து மணி அளவில் பனி உலர்ந்து, காற்று எழுவதற்கு முன் போனால், பஞ்சு விரிந்தும் பறக்காமலும் நிற்கும் தலைகள் கிடைக்கும். விரலால் இழுத்தால் எதிர்ப்பில்லாமல் கையோடு வர வேண்டும். இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் முற்றவில்லை. தாள் உறையில் இட்டு, நாளைக் குறித்து, சமையலறைச் சூடு படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் மலையின் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு செடியிலும் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள்.

பெருமாள்மலை காப்பி

ஆசிரியர் ஐயா, என் தோட்டத்தின் கீழ் எல்லையில், சில்வர் ஓக் வரிசைக்கு வெளியே உள்ள மண்மேட்டில் முயல்செவி நிறைய இருக்கிறது. இந்த வாரம் அங்கே களை எடுப்பதாக இருந்தது. தை பிறக்கும் வரை அந்த மேட்டை விட்டுவைக்கும்படி ஆட்களிடம் சொல்லிவிட்டேன். குழந்தைகளோடு ஒரு சனிக்கிழமை வந்தால் வேண்டிய அளவு விதை எடுத்துக்கொள்ளலாம். அதே மலைத்தொடரின் விதை என்பதால் உங்கள் சரிவுக்கும் பொருந்தும். அந்த மேட்டில் செங்கல் நிறத்துப் பூவோடு கிராசோசெபாலமும் கலந்து நிற்கிறது, எடுக்கும்போது பூவின் அடியைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

தாண்டிக்குடி ஆசிரியர்

மிக்க நன்றி ஐயா. வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் பன்னிரண்டு குழந்தைகளோடும் இரண்டு பெற்றோரோடும் வந்துவிடுகிறோம். பழைய விடைத்தாள்களில் உறை செய்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் மேலும் "முயல்செவி" என்று எழுதி, நாளுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள்.